பெரிய பெட்டி ஜெயித்த நாள்

கணினிக்குக் கைப்பிடி எதற்கு என்று கேட்டேன். தவுக்கே சிரித்தார். எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் நான் வேலை பார்த்த கணினிக் கடைக்கு அவர்தான் முதலாளி. சீனர், என்னை அமோய், அதாவது சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். "தூக்கிக்கிட்டுப் போகத்தான், அமோய்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அன்று காலை வந்து இறங்கிய அந்தப் பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். மூடினால் தையல் மிஷின் மூடி அளவு. திறந்தால் மங்கலான நீலத் திரை. பார்த்தவுடனேயே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. சில ஆட்களைப் பார்த்தால் காரணமே இல்லாமல் முகம் சுளிக்கத் தோன்றுமே, அப்படி.

கடையில் என் வேலை ஒப்பிட்டுக் காட்டுவது. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எது வேகம்? மேசையில் வைக்கும் பெரிய கணினியிலும் அந்தத் தூக்குக் கணினியிலும் உள்ளே இருந்தது 286 என்கிற ஒரே ரகச் சில்லு. ஒரே ரகம் என்றால் ஒரே வேகம் என்று விளம்பரத்தாள் சொல்லும். சுத்தப் பொய். பெரியதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது, முதுகில் விசிறி ஓடுகிறது, அதன் சில்லு இஷ்டப்படி ஓடலாம். சின்னதற்கு பேட்டரி, விசிறியும் கிடையாது. வேகமாக ஓடினால் சூடாகும், பேட்டரியும் செத்துப்போகும். அதனால் செய்தவர்களே அதன் துடிப்பைக் குறைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலை செய்கிறாள், மற்றவள் விரதம் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேகம் அளக்க ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தேன். ஓடவிட்டால் திரையில் கோடு நீளும். பெரிய கணினியின் கோடு ஒவ்வொரு தடவையும் நீளமாக வரும், சின்னது பாதியிலேயே நின்றுவிடும். அதைக் காட்டிக் காட்டியே தூக்குப் பெட்டி வாங்க வந்தவர்களின் ஆசையைக் கெடுத்திருக்கிறேன். தவுக்கேக்கு வயிறு எரியும். "அமோய், நீ விக்க வந்தியா, வியாபாரத்தைக் கெடுக்க வந்தியா?" என்பார். உண்மையைச் சொன்னால் ஏன் கோபம் என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஈப்போவில் பலருக்குத் தெரியும்.

ஒரு மழை நாள் பிற்பகல் ஒருவர் வந்தார். சட்டைக் கையில் ஒரு சுருக்கம் இல்லை. தமிழர்தான். குடையை வெளியே உதறி, மடித்து, மூலையில் சாய்த்துவிட்டு, நேராக அந்தத் தூக்குக் கணினிமுன் போய் நின்றார். நான் வழக்கம்போலக் கோடுகளை ஓட்டிக் காட்டினேன். பார்த்தார். மற்றவர்களைப் போல எது வேகம் என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒரே வேலையைச் செய்யுமா?" என்று கேட்டார்.

"செய்யும் சார். ஆனா இது மெதுவா செய்யும்."

"மெதுவான்னா எவ்வளவு? ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமா, சாப்பிட்டு எழுந்திரிக்கிற நேரமா?"

"தேத்தண்ணி நேரம்னு வச்சுக்கோங்களேன்."

தலையை ஆட்டினார். பிறகு, ஆயர் தாவார் பக்கத்தில் இருக்கும் தன் தோட்டத்து ஆபீசில் எங்கள் கடையில் வாங்கிய பெரிய கணினி ஒன்று இருப்பதாகவும், அங்கேயே வைத்து இரண்டையும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது என் அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டம். அந்த ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர் என் அத்தான். அந்த வட்டாரத்தில் அந்தக் கம்பெனிக்கு இருந்த தோட்டங்களை எல்லாம் சேர்த்துப் பார்க்கப் புதிதாக வந்த மேனேஜர்தான் இவர். வெள்ளைக்காரன் போய் நம் ஆளே வந்து உட்கார்ந்த பிறகும், தோட்டத்தில் மேனேஜருக்குப் பெயர் தொரைதான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியவான் பஸ் ஏறினேன். அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் முழுக்க ரப்பர். எழுபதுகளில் மரத்துக்கு மருந்து வைத்துக் கொன்று, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். பின்பக்கத்துக் குன்றில் மட்டும் கொஞ்சம் ரப்பரை விட்டு வைத்திருந்தார்கள். நான் போன சமயம் அதற்கும் மருந்து வைத்திருந்தார்கள். மரங்கள் இலை ஒன்றுகூட இல்லாமல் வெள்ளையாக நின்றன. ஒரு பறவைச் சத்தம் இல்லை. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. முதலில் சீக்காளிகள் போகும் மருந்துக் கொட்டகையை மூடினார்கள், அப்புறம் கடையை மூடினார்கள், பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அக்கா சொல்வாள்.

அக்காவுக்கு நான் சொல்வதற்கு முன்பே சங்கதி தெரிந்திருந்தது.

"சின்னப் பொட்டி ஜெயிச்சா ஆபீஸ மூடிருவாங்களாம்டி. தொரையே காருல போட்டுக்கிட்டுத் தோட்டம் தோட்டமா போயி கணக்கப் போட்டுருவாராம். அப்புறம் கிராணி எதுக்கு, கிராணிக்கு வீடு எதுக்கு?"

"யாருக்கா சொன்னது?"

"தொரையோட டிரைவரு. பெரிய பொட்டி ஜெயிச்சா ஒண்ணும் பயம் இல்லலா. அத எங்க தூக்கிக்கிட்டுப் போவாங்க? ஆபீஸ் இருக்கும், இவரும் இருப்பாரு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் விசித்திரம் இல்லை. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மாவும் அக்காவும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதற்கு அதுதான் பெயர். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசுமுன் எல்லாரும் வரிசையாக நிற்க, ஒவ்வொருத்தர் பாலையும் எல்லார் கண்முன்னும் நிறுப்பார்கள். அதிகம் கொண்டு வந்தவளுக்கு நல்ல மரம். குறைந்தவளுக்குக் கிழட்டு மரம். தொடர்ந்து குறைந்தால் வேலைப் பதிவிலிருந்து பெயர் போய்விடும், பெயரோடு லயத்து வீடும் போய்விடும். அம்மாவின் பெயர் அப்படித்தான் போனது. மழையில் பாத்திரம் பண்டத்தோடு நாங்கள் ரோட்டில் நின்றதை அக்கா மறக்கவே இல்லை. அதனால் அவளுக்கும், அத்தானுக்கும், லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமே வரவில்லை. ஜெயித்தது நிற்கும், தோற்றது போகும். எனக்கும் வரவில்லை. நானும் அதே கொட்டகையில் வளர்ந்தவள்தானே.

அத்தான் என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போய்ப் பெரிய கணினிமுன் உட்கார வைத்தார். அமைதியான மனிதர். கோபம் வந்தால்கூட மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார். மாதக் கடைசியில் ஓட்டும் வேலைக் கணக்கை எனக்கு ஓட்டிக் காட்டினார். அது கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், கேள்வி கேட்கும். ஒரே பெயர், ஒரே அப்பா பெயரோடு இரண்டு பேர் இருக்கிறார்கள், இந்த வேலை எவருடையது? இந்த ஆளுக்குச் சீக்கு, ஆனால் குலை வெட்டியதாக இருக்கிறதே, எப்படி? அத்தான் யோசிக்காமல் பதில் அடிப்பார். சீக்கில் படுத்தது புருஷன், குலை வெட்டியது அவனுக்குப் பதிலாகப் போன பெண்டாட்டி. கணினி மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

"பாப்பா, இது எங்க நேரத்தக் கடத்துது?"

"சில்லுல இல்ல அத்தான். நிக்குதே, அங்கதான். நிக்கிற நேரம் ரெண்டு பொட்டிக்கும் ஒண்ணு. இப்படி நின்னு நின்னு போச்சுன்னா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் முடிக்கும். வித்தியாசமே தெரியாது. நிக்காம ஓடினாத்தான் எந்தச் சில்லு வேகம்னு கண்ணுக்குத் தெரியும்."

"அப்ப நிக்காம ஓட வைக்கணும்."

"அது கேக்கிறதுக்கு எல்லாம் பதிலை முன்னாடியே உள்ள போட்டு வைக்கணும் அத்தான்."

"போட்டுருவோம்" என்றார்.

சோதனைக்கு முந்தைய வாரங்களில் அத்தான் ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அதையே செய்தார். நான் விடுமுறை நாள்களில் போய் அவர் எழுதி வைத்ததை எல்லாம் புரோகிராமில் ஏற்றினேன். யார் யாருக்குப் பதிலாக வேலைக்குப் போவார்கள், எந்த ஆற்றங்கரைப் பகுதி மழை பெய்தால் மூடிக்கொள்ளும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்களில் எவன் யாருக்குச் சலுகை கொடுத்துக் குறிப்பான், வெள்ளிக்கிழமை கோயில் கூட்டிவிட்டுத் தாமதமாக வரும் கிழவிக்கு முழு நாளா அரை நாளா, லாரி சேற்றில் மாட்டிக்கொண்டால் மறுநாள் ஏறும் குலையை எந்த நாளில் சேர்ப்பது. இருபது வருஷமாக அந்த மனிதன் தலைக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. லயத்துச் சங்கதிகளில் அவருக்குத் தெரியாததை அக்கா சொன்னாள். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே, "அவளுக்கு இனிமே மருந்தடிக்கிற வேலை ஒத்துக்காது, மூச்சிரைக்குது, அதையும் போட்டுக்க" என்பாள்.

ஒரு நாள் அவள் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இவ்வளவையும் கேக்குதேடி. எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு என்னதான் பண்ணும் இது?"

"ஓடும்க்கா, வேற என்ன பண்ணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சோதனை நாள் காலையில் அக்கா பெரிய கணினியின் நெற்றியில் விபூதி பூசி, குங்குமம் வைத்தாள். விசிறி ஓட்டையில் விழப்போகிறது என்று நான் சத்தம் போட்ட பிறகு சந்தனத்தை மட்டும் தள்ளி வைத்தாள். வேலைக்குப் போகாதவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். தொரை காரிலிருந்து இறங்கி, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, குங்குமத்தைப் பார்த்து, "நல்லது" என்றார். அவர் குரலை உயர்த்தியதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதட்டுகிற ஆளாக இருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் இருந்திருக்காது.

"ரெண்டுலயும் ஒரே கணக்கு இருக்கணும். அப்பத்தானே நியாயம்?" என்றார்.

நியாயம்தான். யாரும் மறுக்க முடியாத நியாயம். கடையிலிருந்து நான் தூக்கி வந்த சின்னதையும் பெரியதையும் ஒரு கேபிளால் இணைத்து, பெரியதில் இருந்த அத்தனையையும் சின்னதற்கு அனுப்பினேன். அதற்கு வெகு நேரம் பிடித்தது. ஒவ்வொரு கோப்பின் பெயராகத் திரையில் நகர்ந்து போனது. யாரும் கேபிளில் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அத்தான் கீழே குந்தி, அதைக் கையால் சுவரோரம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் உட்கார்ந்திருந்தார். தொரை நாற்காலியில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெடுதல் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் ஏறி முடிந்ததும் கேபிளைக் கழற்றினேன். பெரியதன் விசையில் அத்தானும் சின்னதன் விசையில் தொரையும் விரல் வைத்தார்கள். நான் கை தட்டினேன்.

பெரியது விசிறி இரைய ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை. ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரையும் தாண்டிப் போனது, சீக்குப் புருஷனைத் தாண்டியது, ஆற்றங்கரையைத் தாண்டியது. சின்னதும் நிற்காமல்தான் ஓடியது, ஆனால் தேய்ந்துகொண்டு ஓடியது. நடுவில் அதன் அடியில் கை வைத்துப் பார்த்தேன், இட்லிச் சட்டி மாதிரி சூடு. பெரியது கடைசி வரியைப் போட்டு நின்றபோது சின்னது இன்னும் செம்பனைப் பகுதிகளில் பாதியில் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரே கைதட்டல், விசில். "சின்னது இன்னும் தவழுதுலா!" என்று ஒருத்தி கத்தினாள். வயசான மண்டோர் ஒருவர், "தொரை, ஒங்க பொட்டிக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க!" என்றார். தொரையும் சேர்ந்து சிரித்தார். அத்தான் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தாங்கவில்லை, எழுந்து நின்று தட்டினேன்.

சின்னது முடிக்கும் வரை தொரை பொறுமையாகக் காத்திருந்தார். முடிந்ததும் குனிந்து இரண்டு திரையின் கடைசி வரியையும் பார்த்தார். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார்.

"கிராணி, நடுவுல ஒங்கள எதாவது கேட்டுச்சா?"

"இல்லீங்க தொரை. ஒரு தடவகூடக் கேக்கல."

"முன்னெல்லாம் கேக்கும்ல?"

"முன்னெல்லாம் நின்னு நின்னு உசுர வாங்கும்ங்க." அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "இப்ப எல்லாம் உள்ள போட்டாச்சுங்க. நான் பக்கத்துல இல்லாட்டியும் ஓடும்."

அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த ஆள் ஓட்டப்பந்தயம் பார்க்கவே வரவில்லை. நாங்கள்தான் பால் கொட்டகையிலேயே நின்றுகொண்டிருந்தோம். வெளியே அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது ரொம்ப மெதுவு" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நீங்களே பாத்தீங்க. சூடு வேற ஆகுது. பேட்டரி பாதி நாள்கூடத் தாங்காது சார்."

"தேத்தண்ணி நேரம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? நான் குடிச்சுக்கிறேன்."

"சரி, டெஸ்டு முடிஞ்சது. இது கடை மிஷின். இதுல இருக்கிற தோட்டத்துக் கணக்க அழிச்சிட்டு எடுத்துட்டுப் போறேன்" என்று சின்னதை என் பக்கம் இழுத்தேன்.

அவர் அதன் மூடிமேல் கை வைத்தார். "வேண்டாம்மா. இத நாங்க எடுத்துக்கிறோம்னு காலையிலேயே ஒங்க தவுக்கேகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன்."

காலையிலேயே. இரண்டில் ஒன்றையும் தட்டி எழுப்புவதற்கு முன்பே. நாசமாகப் போனவனே என்று வாய்வரை வந்தது. அத்தான் நிற்கிறாரே என்று விழுங்கினேன். அக்கா அதற்குள் தட்டில் கேசரியோடு உள்ளே வந்துவிட்டாள். தொரை ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று மனசாரச் சொன்னார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். டிரைவர் பின் கதவைத் திறந்தான். அவர் அதைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்வரை லயத்தில் திருவிழாதான். நான் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தான், நீங்க போட்டது அத்தனையும் அவருகிட்டப் போயிருச்சு" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "போவட்டும் பாப்பா. பெருசு ஜெயிச்சத எல்லாரும் பாத்தாங்கல்ல?" தராசுமுன் நடந்ததை எவனாலும் மாற்ற முடியாது என்று நம்பிய மனிதர். அவரிடம் அதற்குமேல் எப்படிப் பேசுவது? அழுகை அழுகையாக வந்தது. வெங்காயம் அரிகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதக் கடைசிக் கணக்கைத் தொரை காரிலிருந்தே முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு அடுத்த மாதம் ஆபீசுக்குப் பூட்டு வந்தது. அந்த வட்டாரத்தில் இருந்த மற்றத் தோட்டத்து ஆபீசுகளுக்கும் ஒவ்வொன்றாக வந்தது. கிராணி வீட்டைக் காலி செய்யச் சொல்லி, மரியாதையான வார்த்தைகளில், நல்ல அவகாசம் கொடுத்துச் சொன்னார்கள். பெரிய கணினியை ஒரு வேனில் ஏற்றிக் கம்பெனியின் ஈப்போ ஆபீசுக்குக் கொண்டு போனார்கள். குங்குமத்தை யாரும் துடைக்கவில்லை.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று நானும் போயிருந்தேன். அத்தானுக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, வாசலில் உட்கார்ந்து காவல் காப்பது, சொல்லி வைத்திருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். பிறகு திடீரென்று வெடித்தாள். "ஜெயிச்சது நாமதானேடி? சொல்லு, நாமதானே ஜெயிச்சோம்?" நான் ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன்டி நாம போறோம்?" என்று கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லாரி முன்பக்கத்தில் நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். லயத்தைக் கடக்கும்போது வண்டி மெதுவாகப் போனது. வாசலில் நின்ற ஒவ்வொருவரையும் அத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய ரோடு வந்த பிறகுதான் பேசினார்.

"பாப்பா, நான் அதுல போட்டத எல்லாம் திரும்ப எடுத்துற முடியாதா?"

"முடியாது அத்தான். எடுத்தாலும் அவங்ககிட்ட இன்னொண்ணு இருக்கும்."

அத்தான் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"எங்கிட்டயும்தான் இன்னும் எல்லாம் இருக்கு" என்றார். "இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

லாரி ஆயர் தாவாரைத் தாண்டியது.